மொட்டை மாடி "சூதாட்டக் கூடம்" பற்றி

நம் குடியிருப்பு குரூப்பில் சுற்றிய அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், பாதிப் பேர் எனக்கே அனுப்பினீர்கள். தண்ணீர்த் தொட்டி நிழலில் பாய் விரித்து நாலு பெரியவர்கள் சீட்டு ஆடுகிறார்கள். மேலே "நம் குடியிருப்பில் சூதாட்டக் கூடம்" என்று தலைப்பு, மூன்று சிவப்புக் கோப முகங்கள். மறுநாளே மாடிக் கதவுக்குப் பூட்டு. லிஃப்ட் கெட்டு எட்டு நாளாகிறது, அதற்கு இந்த வேகம் வரவில்லை.

அவர்கள் ஆடியது இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம். காசு கிடையாது. மறுபடியும் சொல்கிறேன், காசு கிடையாது. தோற்ற ஜோடி கீழே போய் டீ வாங்கி வரவேண்டும். அதுவும் சூது என்றால் சொல்லுங்கள், டீயை நிறுத்திவிடச் சொல்கிறேன்.

ஆடத் தெரியாதவர்களுக்கு: ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, நாலு ஜாதிச் சீட்டுக்கும் சேர்த்து ஆகமொத்தம் 28. ராஜா ராணிக்கு மதிப்பே இல்லை, அதில் எனக்கு எப்போதும் ஒரு அற்ப சந்தோஷம். அதிகப் புள்ளி எடுப்பதாகக் கேட்டவர், மற்ற ஜாதிகளை வெட்டும் துருப்பு ஜாதியில் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார், அது என்ன என்று மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் நாகர்கோவிலில் இருந்தபோது எங்கள் சீட்டுக்கட்டில் ஆட்டின் ஒன்பது, அதாவது சிவப்பு இதயம் போட்ட ஒன்பது, தொலைந்துபோனது. அப்பா காலண்டர் அட்டையை வெட்டி, சிவப்பு மையில் எழுதிச் சேர்த்துவிட்டார். ஒருநாள் அம்மா அதையே துருப்பாகக் கவிழ்த்து வைத்துவிட்டாள். முதுகில் பாதி முருகர் தெரிகிறார்! துருப்பு ஆட்டின் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒருவர் முகத்திலும் சலனமில்லை. கையில் கேட்ட ஜாதி இல்லாமல் போனதும் அப்பா வெகு தீவிரமாக, "சரி, துருப்பைத் திற" என்றார். மார்க் ஷீட்டை நீட்டினால் கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிற மனுஷன் அவர். சீட்டு கைக்கு வந்தால்தான், "ஏட்டி, ஜாக்கிய வச்சுக்கிட்டு எதுக்கு முழிக்க?" என்று வாய் திறப்பார்.

"சீட்டால் அழிந்த குடும்பங்கள் தெரியாதா?" என்பீர்கள். தெரியும். ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டு உயிரையும் விட்டவர்கள் இருக்கிறார்கள், அதற்காகத்தான் 2022ல் சட்டசபையில் தடைச் சட்டமே கொண்டுவந்தார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அது ராத்திரி தனியாக, போர்வைக்குள், போனில் நடப்பது. இது பட்டப்பகலில் நாலு பேர் முகம் பார்த்து உட்கார்ந்து ஆடுவது. இரண்டும் ஒன்றா? ரம்மிக்கே விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்கும் திறமை வேண்டும் என்று 1967லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் என்கிற சீட்டாட்டம் ஆடி இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிய இருவரில் ஒருவருக்கு 60 வயது. அன்றைக்கு நம் குரூப்பில் கைதட்டல் படம் போட்டவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. எனக்கும் கொஞ்சம் சீட்டு ஞாபகசக்திதான்.

"வயசான காலத்தில் கோயில் குளம் என்று போகலாமே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த நாலு பேரில் ஒருவர் என் அப்பா. அவருக்கு முட்டி வலி, போகட்டும். அம்மா போன பிறகு ஏழு மாதம் இந்த வீட்டில் அவர் குரலே கேட்கவில்லை ஐயா. மூன்றாவது மாடிக்காரர் ஒரு சீட்டுக்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "ஒரு கை குறையுது, வர்றீங்களா?" என்று கேட்ட பிறகுதான் பேச ஆரம்பித்தார். அப்போது கோயில் குளத்துக்குக் கூட்டிப்போக நீங்கள் யாரும் வரவில்லை.

நேற்று நாலரை மணிக்கு வழக்கம்போலச் சட்டை மாற்றிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாளையிலிருந்து ஆட்டம் எங்கள் வீட்டு ஹாலில். படம் எடுக்க வருபவர்கள் மணி அடித்துவிட்டு வரவும், டீ உண்டு.