நீதிக் கதைக்கும் பொன்னியின் செல்வனுக்கும் நடுவில்

"ஏழாங்கிளாஸ் படிக்கிற பையனுக்கு நல்ல புத்தகமா ஒண்ணு சொல்லேன்" என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர்களே இல்லை. குடும்பத்தில் 'புத்தகப் புழு' என்று பெயர் வாங்கியதால் வந்த வினை. ஆனால் கேட்பவர்களுக்கு உண்மையில் வேண்டியது, பையன் செல்போனைக் கீழே வைத்துவிட்டு உட்காருவதற்கு ஏதோ ஒன்று. பையனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால், "அவனுக்கென்ன தெரியும், நீயே சொல்லு" என்பார்கள். நான் பாளையங்கோட்டையில் கல்லூரி முதலாமாண்டு. அந்த வயதைத் தாண்டி ரொம்ப நாள் ஆகவில்லை, வீட்டில் ஏழாம் வகுப்புத் தம்பி வேறு இருக்கிறான். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, வீட்டில் பெரியவர்கள் பேசத் தயங்குகிற விஷயங்களைப் பேசும் புத்தகம்தான் வேண்டும். நாம் கொடுப்பது அதற்கு நேர் எதிர். பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவுக்குப் போனால் சிறுவர் நூல் கடைகளில் முன்வரிசையில் நிற்பது சிங்கமும் முயலும், தெனாலிராமனும். கதைக்குக் கீழே கட்டம் கட்டி நீதி வேறு. இரண்டு கடை தள்ளிப் போனால் பொன்னியின் செல்வன், ஐந்து பாகமும் ஒரே கட்டாக. எனக்கு ஏழாம் வகுப்பில் மாமா ஒருவர் அந்தக் கட்டைத்தான் பரிசாகக் கொடுத்தார். வந்தியத்தேவன் ஏரிக்கரையில் குதிரையில் வரும்வரை நன்றாகத்தான் போனது, அதாவது முதல் அத்தியாயம். அப்புறம் பத்தாம் வகுப்பு லீவில் எடுத்தபோது கீழே வைக்க முடியவில்லை. 1950களில் கல்கி வாரா வாரம் தொடராக எழுதி, வீட்டில் பெரியவர்கள் காத்திருந்து படித்த கதை அது. அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை முன்னால் வாசிப்புப் பரீட்சை மாதிரி எதற்கு வைக்க வேண்டும்? தானாகக் கேட்கிற பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுங்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலேயே ஒன்று தெரிந்துவிடும். கையில் கட்டியிருக்கும் கயிறு என்ன நிறம், அந்த நிறம் எந்தச் சாதிக்காரர்களுடையது. இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை, ஆனாலும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிக்கு வண்ணக் கயிறு கட்டிவரக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. சரி, அறிக்கை பெரியவர்கள் படிப்பதற்கு. பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்? விஷ்ணுபுரம் சரவணன் 'கயிறு' என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருக்கிறார், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். தம்பியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். ராத்திரி சாப்பிடும்போது அம்மாவைப் பார்த்து, "ஏம்மா, நாம அவங்க வீட்ல மட்டும் ஏன் சாப்பிட மாட்டோம்?" என்று கேட்டான். அம்மா முறைத்தது அவனை இல்லை, என்னை. நரிக் கதை எத்தனை படித்தாலும் இந்தக் கேள்வி வராது.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் சிறுவர் இலக்கியத்துக்கான சாகித்திய அகாதெமி விருதான பால புரஸ்கார் வாங்கிய நாவல். பிள்ளைகளிடம் தவறாக நடந்துகொள்ளும் பெரியவர்களைப் பற்றிப் பேசுகிறது. எங்கள் சித்தி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இப்பவே எதுக்குடி, இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்" என்றார். இரண்டு வருஷம் கழித்து எதற்கு? அந்த வயதில்தானே தெரிய வேண்டும். சித்தி மகள் எட்டாம் வகுப்பு, வயதுக்கு வந்ததற்கு மண்டபம் பிடித்து, பேனர் வைத்து, ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். அதை ஊருக்கே சொல்லலாம், அவளிடம் ஒரு கதைப் புத்தகம் கொடுக்கக் கூச்சம்.

எல்லாரும் சிபாரிசு செய்யும் 'ஆயிஷா' பற்றி எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து உண்டு. இரா. நடராசன் எழுதிய அருமையான கதை, நானும் அழுதிருக்கிறேன். ஆனால் ஓர் ஆசிரியை, கேள்வி கேட்டு அடிவாங்கிய தன் மாணவியைப் பற்றிக் குற்ற உணர்ச்சியோடு சொல்லும் கதை அது. படித்துத் திருந்த வேண்டியவர்கள் ஸ்டாஃப் ரூமில் இருக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால், கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்கிற பயம்தான் முதலில் மிஞ்சும் என்று தோன்றுகிறது.

படக்கதை என்றால் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று. பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வந்தது, முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. எங்கள் அப்பா வாசிக்கப் பழகியதே அதில்தான், இன்றைக்கும் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறார். அவரே தம்பியிடம், "பொம்மைப் புஸ்தகத்த வச்சுட்டு உருப்படியா ஏதாவது படில" என்கிறார்! ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலேயே ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' படக்கதையாகத்தான் இருக்கிறது. பாடநூல் போட்டவர்களுக்கு இருக்கும் தாராளம் வீட்டில் இல்லை.

நம்ம ஊர் கதையில் வருகிற புத்தகங்கள் ரொம்பக் குறைவு என்பது எனக்குப் பெரிய குறை. ஏழாம் வகுப்பில் டி.கே.சி.யின் 'திருநெல்வேலிச் சீமையும் கவிகளும்' பாடமாக இருக்கிறது. நல்லதுதான், ஆனால் தேர்வுக்குப் படிப்பதோடு சரி. கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' அப்படி இல்லை. பறவைகளைத் தேடியும் முட்டை சேகரித்தும் கரிசல் காட்டில் திரியும் பையன்களின் கதை. தம்பி அதைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வந்தான்: "யக்கா, முட்டையை எடுத்தா குஞ்சு எப்படி வரும்? இவனுவ செய்யுதது தப்புல்லா?" பள்ளியிலிருந்து கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்வந்தவன், அங்கே ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று கேட்டு வந்தவன். புத்தகத்தோடு சண்டை போடுகிறான் என்றால் உள்ளே போய்விட்டான் என்று அர்த்தம். அடுத்த நாள் முடித்துவிட்டான்.

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த பிள்ளைகள்தான் இப்போது இந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். மொட்டை மாடியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த கதை ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அதை வைத்து அவர்களுக்காக எழுதிய ஒரு நாவலும் என் கண்ணில் படவில்லை. உதயசங்கர் கோவில்பட்டிக்காரர். கீழடியை வைத்து 'ஆதனின் பொம்மை' எழுதினார், அதற்கும் பால புரஸ்கார் கிடைத்தது. 1876லேயே அகழாய்வுக்காகத் தோண்டத் தொடங்கிய ஆதிச்சநல்லூர் இங்கிருந்து ஒரு டவுன் பஸ் தூரம். அதற்கும் ஒரு ஆதன் வரக்கூடாதா?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆறு முதல் ஒன்பது வரை படிப்பவர்களுக்குத் தேன்சிட்டு இதழ் வருகிறது, வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டார்கள். ஆனால் பள்ளிக்குள் என்ன நடக்கிறது? நான் படித்த பள்ளியில் புத்தகங்கள் தலைமையாசிரியர் அறை பீரோவில் இருந்தன. சாவி யாரிடம் என்பது கடைசிவரை தெரியவில்லை. நூலகப் பீரியடை கணக்கு சார் எடுத்துக்கொள்வார். தப்பித் தவறி ஒரு புத்தகம் கைக்கு வந்தால், "படிச்சுட்டு ரெண்டு பக்கம் சுருக்கம் எழுதிட்டு வா". அதற்குப் பயந்தே ஒல்லியான புத்தகமாகத் தேடுவோம்.

எனவே சித்தப்பா, மாமா, அத்தை எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். என்னிடம் பட்டியல் கேட்காதீர்கள். கைடு வாங்க யோசிக்காமல் ஐந்நூறு ரூபாய் எடுக்கிறீர்கள். அடுத்த புத்தகத் திருவிழாவில் பிள்ளை கையில் இருநூறு கொடுத்துவிட்டு, நீங்கள் அல்வாக் கடைப் பக்கம் போய்விடுங்கள். வாங்கி வந்ததைப் பார்த்து, "இதுக்கா காசு குடுத்தேன்" என்று மட்டும் கேட்காதீர்கள். பேய்க் கதை வாங்கினால் வாங்கிவிட்டுப் போகட்டும். என் தம்பி இப்போது பேய் வரிசையில்தான் இருக்கிறான். வெளிநாட்டு மாளிகைப் பேயெல்லாம் அலுத்துவிட்டதாம், பனங்காட்டுப் பேய், சுடலைமாடன் கோயில் பக்கம் நடக்கிற கதை வேண்டுமாம். அப்படிப் பிள்ளைகளுக்காக யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள், அரையாண்டு லீவுக்குள் தேடிக் கொடுக்க வேண்டும்.