ஜோ ஜாக்சன் அப்பாவி அல்ல, ஆனாலும் உள்ளே வரட்டும்

இறந்துபோன வீரர்கள் மீதான நிரந்தரத் தடை இனி செல்லாது என்று அமெரிக்க பேஸ்பால் ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் 2025 மே மாதம் அறிவித்தார். அதனால் விடுபட்டவர்களில், 1919 சூதாட்ட ஊழலில் சிக்கிய 'ஷூலெஸ்' ஜோ ஜாக்சனும் ஒருவர்; பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமின் கதவு இனி அவருக்கும் திறக்கலாம். மனிதர் 1951-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். உடனே 'அப்பாவிக்கு நீதி கிடைத்தது' என்று ஆளாளுக்குக் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. தென் கரோலினாவின் கிரீன்வில்லில், பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பஞ்சாலைக்குப் போன பையன். ஆலை அணியில் ஆடித்தான் வெளியே தெரிந்தார். புது ஷூ கடித்துக் கொப்புளம் வந்ததால் காலுறையோடு ஆடப்போய், அந்தப் பட்டப்பெயர் ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டது. பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் அடித்தாலே கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கும் ஆட்டத்தில், 1911-ல் கிளீவ்லாண்டுக்காக அவர் எடுத்த சராசரி .408. அதுவும் முதல் முழு சீசனில்! டை காப் .420 எடுத்துத் தொலைத்ததால் அந்த ஆண்டுப் பட்டம் கிடைக்கவில்லை.

இனி 1919. சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில் சின்சினாட்டியிடம் வேண்டுமென்றே தோற்க, ஜாக்சன் உட்பட சிகாகோ ஒயிட் சாக்ஸ் வீரர்கள் எட்டுப் பேர் சூதாடிகளிடம் விலைபோனதாகக் குற்றச்சாட்டு. அந்தத் தொடரில் ஜாக்சனின் சராசரி .375, ஹிட் 12, ஃபீல்டிங்கில் ஒரு பிழை கூட இல்லை. ஆதரவாளர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆட்டவாரியாகப் பாருங்கள். அவர் அடித்துக் கொடுத்த ஆறு ரன்களும் கடைசி மூன்று ஆட்டங்களில் வந்தவை. தொடரின் ஒரே ஹோம் ரன் அவருடையதுதான், ஆனால் அதை அடித்தபோது அணி ஏற்கெனவே ஐந்து ரன் பின்தங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 5,000 டாலர் வாங்கியதை 1920-ல் விசாரணை ஜூரி முன் அவரே ஒப்புக்கொண்டார். அவருடைய ஆண்டுச் சம்பளமே ஏறக்குறைய 6,000 டாலர்தான். கை நீட்டி வாங்கியவரை அப்பாவி என்று எப்படிச் சொல்வது?

ஆனால் அவரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடவும் மனம் வரவில்லை. ஜாக்சனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனைவி கேட்டிதான் வாசித்துச் சொல்வார், ஆட்டோகிராஃப் கூடப் போட்டுக் கொடுப்பார். 1920-ல் ஒப்பந்தத்தோடு வந்த அணிச் செயலர் ஹாரி கிராபினர், பத்து நாள் நோட்டீஸில் வெளியேற்றும் விதி அதில் இல்லை என்று தன்னிடம் சொன்னதாகப் பின்னாளில் ஜாக்சன் சாட்சியம் அளித்தார். விதி இருந்தது. பாக்கிச் சம்பளம் கேட்டு அவர் போட்ட வழக்கில், 1924-ல் மில்வாக்கி ஜூரி அவர் பக்கம்தான் நின்றது. நீதிபதியோ, 1920-ல் சொன்னதற்கு மாறாகச் சாட்சி சொன்னார் என்று அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டார். மனிதர் இங்கேயும் வாயால் கெட்டார்.

அதற்கு முன்பே, 1921 ஆகஸ்டில் சிகாகோ நீதிமன்றம் அவரையும் சகாக்களையும் விடுவித்திருந்தது. மறுநாளே, ஜூரி என்ன சொன்னாலும் சரி என்று நிரந்தரத் தடை விதித்தார் ஆணையர் லாண்டிஸ். தடை போட்ட லாண்டிஸ் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். கிராபினரின் முதலாளி, ஒயிட் சாக்ஸ் உரிமையாளர் சார்ல்ஸ் கமிஸ்கி 1939-லிருந்தே இருக்கிறார். ஜாக்சன் மட்டும் வெளியே.

2027 டிசம்பரில் கூடும் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழு அவர் பெயரை எடுத்தால், 16 பேரில் 12 பேர் சம்மதிக்க வேண்டும். என்னிடம் ஓட்டு இருந்தால் தயங்காமல் போடுவேன். ஒரே நிபந்தனை: அவர் பெயர்ப் பலகையில் .408 இருக்கும் அதே அளவு எழுத்தில் அந்த 5,000 டாலரும் இருக்க வேண்டும். கமிஸ்கியின் பலகையையும் அப்படியே திருத்தி எழுதினால் இன்னும் நல்லது.