தேரி மண் விண்கல் தூளா?

"டைனோசரை அழித்த விண்கல்லின் சாம்பல்தான் குதிரைமொழித் தேரி. காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தேரி என்பது தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேடு. அந்தச் செய்தியில் ஒட்டும் என்பது மட்டும் சரி.

காந்தத்தில் அப்புவது மேக்னடைட் போன்ற இரும்புத் தாதுவின் கறுப்புத் துகள். மலைப்பாறை சிதைந்து ஆற்றோடு வந்தது. நம் கடற்கரை மணலிலும் கிடக்கிறது. ஒரு சிட்டிகைச் செம்மணலை லென்ஸில் பாருங்கள்: பெரும்பாலும் குவார்ட்ஸ், மேலே இரும்பு ஆக்சைடு பூச்சு. ஆய்வகத்தில் சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சிவப்பு கழன்று வெள்ளை மணல் மிஞ்சும். (வீட்டில் வேண்டாம், புகை நெஞ்சை அடைக்கும்.) காற்று குவித்த இந்த மேடுகளின் வயது ஆயிரங்களில்தான், விண்கல் விழுந்ததோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்.

விண்கல் விழுந்ததற்கான தடயமே வேறு. 1980-இல் இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸ், அவர் மகன் புவியியலாளர் வால்டர் அல்வாரெஸ் குழு இத்தாலியின் குப்பியோவில் ஒரு மெல்லிய களிமண் அடுக்கைச் சோதித்தது. அதில் இரிடியம் நூறு கோடியில் 9 பங்கு. மேலும் கீழும் உள்ள சுண்ணாம்புக்கல்லில் அதில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். பூமியின் மேலோட்டில் அரிதான இந்த உலோகம் விண்கற்களில் தாராளம். அதே வயது அடுக்குகளில் பெரும் மோதலின் அடையாளம் பதிந்த அதிர்ச்சிக் குவார்ட்ஸும் கிடைத்தது: மணல்மணிக்குள் இணைகோடுகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும். எரிமலை அழுத்தம் அதற்குப் போதாது. விழுந்த இடம் மெக்ஸிகோவின் சிக்ஸுலூப், சுமார் 180 கி.மீ. அகலப் பள்ளம்.

டைனோசர் அழிவில் தக்காண எரிமலைகளின் பங்கு எவ்வளவு என்பதில் விவாதம் உண்டு. தேரிக்கு அதில் இடமில்லை.