மெஸ்ஸியைத் தடுத்த கைகள்

ஐஸ்லாந்து கோல்கீப்பர் ஹானஸ் ஹால்டோர்சனைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, 2018 உலகக் கோப்பையில் மாஸ்கோவில் மெஸ்ஸியின் பெனால்டியை அவர் தடுத்ததோடு நின்றுவிட்டது எனக்குக் குறையாகவே படுகிறது. மெஸ்ஸி முன்பு அடித்த பெனால்டிகளையும், தாம் முன்பு எந்தப் பக்கம் பாய்ந்தோம் என்பதையும் பார்த்துப் படித்துவிட்டு வந்தவர், தம் வலப்பக்கம் பாய்ந்து இரு கைகளாலும் பந்தைத் தள்ளிவிட, ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிந்தது.

ஆனால் உள்ளூர்ச் சிறு கிளப்புகளில் தொடங்கி, நார்வே, நெதர்லாந்து, டென்மார்க் என அலைந்து, அந்த உலகக் கோப்பைக்குப் பின் அஜர்பைஜானின் கராபாக் கிளப் வரை சென்று, 2019-இல் ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கின் வாலூர் கிளப்புக்குத் திரும்பிய அந்த நீண்ட பயணமல்லவா விரிவாக எழுதப்பட வேண்டியது! அவர் திரைப்பட இயக்குநரும்கூட. ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்கு 2012-இல் சென்ற ஐஸ்லாந்துப் பாடலின் காணொளியை இயக்கியவர் அவரே.