தேதிக்குக் காத்திருக்கும் நாட்களும் சிகிச்சைதான்

ஆஞ்சியோகிராம் பார்த்துவிட்டு, "பைபாஸ் செய்ய வேண்டும், அவசரமில்லை, தேதி சொல்கிறோம்" என்று மருத்துவர் அனுப்பிவைக்கும் நோயாளியை நம் வீடுகளில் பெரும்பாலும் கட்டிலைவிட்டு இறங்கவே விடுவதில்லை. அன்பினாலும் பயத்தினாலும் செய்வதுதான். ஆனால் இரண்டு மூன்று வாரம் படுத்தே கிடப்பவர், கால் தசை வற்றி, மூச்சு வலுவிழந்த நிலையில் அறுவை அரங்குக்குள் போகிறார். இதய அறுவை நோயாளிகளோடு பணியாற்றும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன்: காப்பீட்டு ஒப்புதலுக்கும் அறுவைத் தேதிக்கும் காத்திருக்கும் அந்த நாட்களை மருத்துவமனைகள் சிகிச்சைக் காலமாகவே நடத்த வேண்டும்.

நெஞ்செலும்பைப் பிளந்து செய்யும் அறுவைக்குப் பின் வலியால் ஆழ்ந்து மூச்சிழுக்க முடிவதில்லை. நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்குகிறது. அதில் கிருமி சேர்ந்தால் நிமோனியா. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நடந்து, 2006-இல் 'ஜாமா' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், நுரையீரல் சிக்கலுக்கு அதிக வாய்ப்புள்ள 279 பைபாஸ் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு, அறுவைக்கு முன் குறைந்தது இரண்டு வாரம், தினம் 20 நிமிடம் மூச்சிழுக்கும் தசைகளுக்குப் பயிற்சி தரப்பட்டது. பயிற்சி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 35 விழுக்காட்டினருக்கும் அறுவைக்குப் பின் நுரையீரல் சிக்கல் வந்தது. இவ்வளவு மலிவாக இவ்வளவு பயன் தரும் வேறொன்றை நான் அறியேன்.

நம் ஊரிலோ, மூச்சை உள்ளிழுத்துப் பந்துகளை மேலே எழுப்பும் பயிற்சிக் கருவியான மூன்று பந்து ஸ்பைரோமீட்டரைப் பல நோயாளிகள் முதன்முதலாகக் கையில் வாங்குவதே ஐசியூவில், மயக்கம் முழுதாகத் தெளியாத நேரத்தில்தான். குழாயை வாயில் வைத்து ஊதுகிறார்கள், பந்து அசையாது. உறிஞ்ச வேண்டும் என்பதை, தையல் வலிக்கிற நெஞ்சோடு அப்போது கற்றுக்கொள்ளச் சொல்வது நியாயமே இல்லை. தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமுவதையும், கையூன்றாமல் ஒருக்களித்து எழுவதையும்கூட முன்கூட்டியே வீட்டில் பழகிவிடலாம்.

மருந்துகளில்தான் அதிகக் கவனம் தேவை. இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் வழக்கமாக அறுவைக்கு 5 நாட்களுக்கு முன் நிறுத்தப்படும். ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். டபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையை 3 நாட்களுக்கு முன்பே நிறுத்தாவிட்டால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. எதையும் தானாக நிறுத்தக் கூடாது. எதை, எந்தத் தேதியில் நிறுத்துவது என்பதை மருத்துவமனை எழுதியே தர வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை நெஞ்செலும்புப் புண்ணில் சீழ் பிடிக்க வழிவிடும் என்பதால், மூன்று மாதச் சராசரி சர்க்கரையை முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது. இரத்தசோகையும் அப்படித்தான்: முன்னரே கண்டுபிடித்தால் இரும்புச்சத்து கொடுத்துச் சரிசெய்ய அவகாசம் இருக்கும். பீடி, சிகரெட்டை அன்றே விட வேண்டும். இதய வால்வு மாற்றப் போகிறவரைப் பல் மருத்துவரிடம் அனுப்பினால் உறவினர்கள் வியக்கிறார்கள். சொத்தைப் பல்லின் கிருமி இரத்தம் வழியே புது வால்வில் போய்த் தங்கும் என்று சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

எல்லோரும் நடக்கலாம் என்று நான் சொல்லவில்லை. இதயத்தின் இடது பிரதான இரத்தக்குழாயில் கடும் அடைப்பு, ஓய்விலும் நெஞ்சுவலி, மிகவும் சுருங்கிய அயோர்ட்டிக் வால்வு (இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வால்வு) ஆகியவை உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் எந்தப் பயிற்சியும் செய்யக் கூடாது. யார் நடக்கலாம், எவ்வளவு நடக்கலாம் என்பதைக் குடும்பத்தாரின் ஊகத்துக்கு விடாமல், ஆஞ்சியோகிராம் அறிக்கையைக் கையில் கொடுக்கும் அன்றே இதய மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும்.