ஸ்பேனர் பிடிச்சவன்தான், அதுக்கென்ன?

ஞாயித்துக்கிழமை மார்த்தாண்டத்துல நம்ம முன்னாள் படைவீரர் கூட்டத்துல நடந்தது எல்லாருக்கும் தெரியும், வீடியோவும் சுத்துது. "அங்கிள், நீங்க ஸ்பேனர் பிடிச்ச ஆளு, பாலிசி வேற"ன்னு அந்தத் தம்பி சிரிச்சானே, விமானப்படையில விமானம் பராமரிச்ச நான் அதுக்கு மட்டும் பதில் சொல்லுதேன்.

அவன் சொல்லுதது இதுதான்: விமானப்படையில சரக்கு விமானம் பராமரிக்கிற யூனிட்டுகளை ஒண்ணாக்கணுமாம், தளங்களைக் குறைக்கணுமாம், செலவு மிச்சமாம். இங்கிலாந்துக்காரன் 2011ல ஹெர்குலிஸ் சரக்கு விமானம் எல்லாத்தையும் லைன்ஹாம் தளத்துல இருந்து பிரைஸ் நார்ட்டன் தளத்துக்கு மாத்தி, அடுத்த வருஷமே லைன்ஹாமை மூடினானாம். மூடட்டும். அவன் நாடே நம்ம உத்தரப்பிரதேசம் அளவுதான் மக்கா. நமக்கு லடாக்குக்கும் சுமக்கணும், அந்தமானுக்கும் சுமக்கணும்.

எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ வச்சுட்டு, அந்தக் கூரைக்கே ஒண்ணு வந்தா? 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னை விமான நிலையம் மூடிக் கிடந்தப்ப அரக்கோணம் கடற்படைத் தளம்தான் கைகொடுத்துது. 2018 கேரள வெள்ளத்துல நெடும்பாசேரி விமான நிலையம் ரெண்டு வாரம் மூடினப்பவும் கொச்சி கடற்படைத் தளத்துலதான் சின்ன விமானங்க இறங்குச்சு. அன்னைக்கு இதெல்லாம் தண்டச்செலவுன்னு ஒருத்தரும் சொல்லல.

"ஏஎன்-32 ஓவர்ஹால் கான்பூர்ல ஒரே இடத்துலதானே நடக்கு?"ன்னு கேப்பாங்க. ஏஎன்-32 நம்ம விமானப்படையோட சரக்கு விமானம்; ஓவர்ஹால்னா அதை முழுசாப் பிரிச்சு சரிபாக்கறது. நடக்கு. அது வருஷக்கணக்குல ஒருக்கா. நான் சொல்லுதது தினசரி வேலையை.

ஆக்ராவுல ஒரு ஜனவரி ராத்திரி, கண்ணு தெரியாத பனி. ஏஎன்-32க்கு என்ஜின் இறக்கைக்கு மேல இருக்கும், ஏறி நின்னுதான் வேலை. முடிச்சு இறங்கி டூல் பலகையைப் பாத்தா பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்க வேண்டிய இடத்துல வெறும் பெயிண்ட் உருவம். ஒரு டூல் குறைஞ்சாலும் விமானத்தை விடக்கூடாது. டார்ச்சோட ரெண்டு மணிநேரம் தேடுனோம். எங்க சார்ஜென்ட் தூக்கத்துல இருந்து எழும்பி வந்தார். "இதுக்கு இடது என்ஜின் மூடியில ஒரு மடிப்பு உண்டு, எது விழுந்தாலும் அங்கதான்"னு கையை விட்டு எடுத்துட்டார். ஒன்பது வருஷம் அதே விமானத்தோட கிடந்த கை. யூனிட்டைக் கலைச்சு ஆளுகளை ஷிப்டுக்கு ஷிப்ட் டோக்கன் போட்டு அனுப்புனா இந்தக் கை எங்க இருந்து வரும்?

ஒரே உதிரிபாகத்தை நாலு இடத்துல வாங்கி வைக்கறது செலவுதான், ஒத்துக்கிடுதேன். அதுக்கு ஸ்டோரை ஒண்ணாக்கு. ஆளை ஏன் கலைக்க?

கூட்டத்துல இன்னொருத்தர் 2016 ஜூலை 22ஐ இழுத்தார். தாம்பரத்துல இருந்து போர்ட் பிளேருக்குப் போன ஏஎன்-32, 29 பேரோட கடலுக்கு மேல காணாமப் போன நாள். "நீங்க பாத்த லட்சணம்"னார். ஏழரை வருஷம் கழிச்சு, 2024 ஜனவரியிலதான் கடலுக்கடியில உடைஞ்ச பாகங்களைப் பாத்தாங்க. அந்த செய்தி வந்த அன்னைக்கு எனக்கு சோறு இறங்கல. காரணம் தெரியாத சாவை எடுத்து வாதத்துக்கு ஊறுகாயா வச்சீங்களே, நல்லா இருங்க.

இருபது வருஷம் எஃப்-700ல, அதாவது விமானம் பறக்கத் தயார்னு எழுதிக் கொடுக்கிற பராமரிப்புப் பதிவேட்டுல, கையெழுத்துப் போட்டவன் நான். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பைலட் ஏறுவான். பாலிசி எழுதுனவன் ஒருத்தனும் அதுல கையெழுத்துப் போட்டு நான் பாக்கல.

இப்பவும் வீட்டுல ஸ்கூட்டர் பாத்து முடிச்சா ஸ்பேனரை எண்ணித்தான் பெட்டியை மூடுவேன். வீட்டுக்காரி கேலி பண்ணுவா. அது வேற சிரிப்பு.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடாண்டாம். சந்தா கட்டியாச்சு.