நாள் வீணாவது ரோட்டில் அல்ல, குடோனில்

கூடுதல் கட்டணம் கொடுத்து லாரி பார்சலை வேக சர்வீஸில் போட்டால் ஒரு நாள் மிச்சமாகும் என்று சொல்வார்கள்; அது பாதிதான் சரி. பேப்பர் சரியில்லாத பார்சல் எந்த சர்வீஸாக இருந்தாலும் லாரி ஆபீஸ் குடோனிலேயே கிடக்கும். வெளிமாநிலத்துக்குப் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆன்லைன் சீட்டு) கட்டாயம். இன்வாய்ஸ் போடும்போதே அதில் சரக்கு விவரம் எழுதும் பார்ட்-ஏ-வை முடித்து, டிரான்ஸ்போர்ட்டரின் 15 இலக்க ஐடியைச் சேர்த்துவிடுங்கள். வண்டி நம்பருக்கான பார்ட்-பி-யில், சரக்கை ஏற்றும்போது லாரி நம்பரை அவர்களே போட்டுக்கொள்வார்கள். லாரி ஆபீஸ் அதே மாநிலத்தில் 50 கி.மீ.க்குள் இருந்தால், அதுவரை கொண்டுபோகும் டெம்போவுக்கு பார்ட்-பி தேவையே இல்லை. பலர் அவசரப்பட்டு டெம்போ நம்பரைப் போட்டுவிடுகிறார்கள். அந்த நிமிடமே பில்லின் கெடு ஓட ஆரம்பித்துவிடும், 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கில். சரக்கு குடோனில் இரண்டு நாள் தங்கினால் பாதி வழியில் பில் காலாவதியாகிவிடலாம். பின்கோடு தப்பானால் திருத்த வழியில்லை, 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து புதிதாகத்தான் எடுக்க வேண்டும். மூன்று பண்டலில் ஒன்று பிந்தி வருகிறது என்பது இன்னொரு புகார்: ஒவ்வொரு பண்டலிலும் இரண்டு பக்கம் 1/3, 2/3, 3/3 என்று ஊர்ப் பெயரோடு மார்க்கரில் சாக்கின் மேலேயே எழுதுங்கள். ஒட்டிய பேப்பர் ஒரு மழைக்குத் தாங்காது.